தீ பாலிசிக்குள் இருந்த வெள்ளம்: தாம்பரம் வீடுகளும் புயல் காப்பீட்டின் வரலாறும்

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை! முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம், பெருங்களத்தூர், அனகாபுத்தூர் என்று ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. பல தெருக்களில் தரைத்தளம் முழுவதும் மூழ்கி, மக்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வாசலில் குவிந்து கிடந்தவை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ஊறிப்போன மெத்தை, சேறு படிந்த ஃபிரிட்ஜ், கதவு உப்பிய பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ்கள்.

அந்த வீடுகளில் பலவற்றின் வாசலில் நின்ற காருக்கும் பைக்குக்கும் இன்சூரன்ஸ் இருந்தது. வீட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. இத்தனைக்கும் புயலும் வெள்ளமும் வீட்டைச் சேதப்படுத்தினால் இழப்பீடு தரும் பாலிசி அப்போதே பல ஆண்டுகளாக நம் நாட்டில் விற்பனையில் இருந்தது. பிறகு ஏன் யாரும் எடுக்கவில்லை? இதற்கான பதிலில் ஒரு பகுதி அந்தப் பாலிசியின் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெயரின் கதை லண்டனில் தொடங்குகிறது.

ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ

1666 செப்டம்பரில் லண்டன் நகரில் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ நான்கு நாட்கள் எரிந்து சுமார் 13,200 வீடுகளை அழித்தது. வீட்டை இழந்தவர்களுக்கு அரசோ வேறு யாரோ ஈடு கொடுக்கும் ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. அதன் பிறகு 1680களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் பார்பன் என்ற கட்டுமானத் தொழிலதிபர் வீடுகளுக்குத் தீ காப்பீடு விற்கும் அலுவலகத்தைத் தொடங்கினார். பலர் சிறு தொகை கட்டுவது, அவர்களில் யார் வீடு எரிகிறதோ அவருக்கு அந்தப் பணத்திலிருந்து கொடுப்பது என்பதே அடிப்படை. நம் ஊர் சீட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை பணம் கிடைக்கும். காப்பீட்டில் துன்பம் வந்தவருக்கு மட்டும் கிடைக்கும். மற்றவர்கள் தங்களுக்குக் கிடைக்காமல் போனதே நல்லது என்று நினைத்துக் கொள்ள வேண்டும்!

ஆக, வீட்டுக் காப்பீடு பிறந்தபோதே தீயின் குழந்தையாகப் பிறந்தது. அதன் விதிகள், கட்டணம், சொற்கள் எல்லாமே தீயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புயலும் வெள்ளமும் பிற்காலத்தில் கூடுதல் ஆபத்துகளாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை.

கல்கத்தா வழியாக சென்னைக்கு

இந்தியாவின் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனம் என்று சொல்லப்படும் ட்ரைட்டன், 1850ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்களால் தொடங்கப்பட்டது. 1907ல் இந்தியன் மெர்கன்டைல் என்ற நிறுவனம் பொதுக் காப்பீட்டின் எல்லாப் பிரிவுகளிலும் தொழில் செய்யத் தொடங்கியது. 1938ல் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றும் இத்துறையின் அடிப்படைச் சட்டம் அதுதான்.

1972ல் நாடாளுமன்றம் பொதுக் காப்பீட்டைத் தேசியமயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1973 ஜனவரி 1 முதல் 107 நிறுவனங்கள் நான்காக ஒன்றிணைக்கப்பட்டன. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், நம் சென்னையில் யுனைடெட் இந்தியா. தென்னிந்தியர்களுக்குப் பொதுக் காப்பீடு என்றதும் யுனைடெட் இந்தியா பெயர் நினைவுக்கு வருவதற்கு இதுவே காரணம்.

இந்தக் காலம் முழுவதும் தீ காப்பீட்டின் விலையும் வாசகமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறவில்லை. டாரிஃப் ஆலோசனைக் குழு என்ற அமைப்பு என்ன எழுத வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரே கட்டணப் பட்டியல் வகுத்தது. போட்டி இல்லாததால் வீடு வீடாகப் போய் விற்க வேண்டிய அவசரமும் நிறுவனங்களுக்கு இல்லை. தீ காப்பீடு என்பது தொழிற்சாலைக்காரர்களும் குடோன் முதலாளிகளும் எடுக்கும் விஷயம் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊறிப்போனது.

2001: வெள்ளம் உள்ளே வந்தது

1999ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்து, 2000ல் தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. முதலில் உரிமம் பெற்ற தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் சென்னையின் ராயல் சுந்தரமும் ஒன்று. அதையடுத்து 2001ல் வந்த அகில இந்திய தீ கட்டண விதிகள்தான் நம் கதையின் முக்கியமான திருப்பம்.

அந்த விதிகளின்படி வந்த பாலிசியின் பெயர் 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ் பாலிசி'. தீ, மின்னல், வெடிப்பு ஆகியவற்றோடு புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு, கலவரச் சேதம் போன்றவையும் இதில் அடங்கியிருந்தன. நிலநடுக்கத்துக்கு மட்டும் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதாவது கடற்கரை நகரமான சென்னைக்கு எது தேவையோ அது உள்ளேயே இருந்தது. ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்ததோ 'ஃபயர்'!

கான்கிரீட் வீட்டில் குடியிருக்கும் ஒருவர் 'நம் வீடு எங்கே தீப்பிடிக்கப் போகிறது?' என்று நினைப்பது இயல்புதானே. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற இரண்டு சொற்களுக்குள் தன் தெருவின் வெள்ளம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. புயல், வெள்ளப் பகுதி தேவையில்லை என்று பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்தால் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். மழை இல்லாத வருடத்தில் அது லாபமாகத் தெரியும். வெள்ளம் வந்த வருடத்தில்தான் அந்தத் தள்ளுபடியின் உண்மையான விலை தெரியும்.

2007 ஜனவரி 1 முதல் தீ காப்பீட்டில் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலையில் போட்டி வந்தது. வீட்டுக்காரர்களுக்காகவே 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி' என்ற தொகுப்பும் இருந்தது. கட்டடம், சாமான், திருட்டு, நகை, டிவி, சைக்கிள் என்று பல பிரிவுகளாக வரும் அதில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். ஆனாலும் வாங்கியவர்கள் மிகக் குறைவு.

ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த ஊர்

இப்போது தாம்பரத்துக்கு வருவோம். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர், பிற்பாடு மனை விலை ஏற ஏற ரயில் நிலையத்திலிருந்து விலகி ஏரிகளின் பக்கமாக விரிந்தது. 2021ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சுற்றியுள்ள பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின.

இந்தப் பகுதியின் நீர் வழியைப் புரிந்து கொள்ளாமல் காப்பீட்டைப் புரிந்து கொள்ள முடியாது. ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் உபரி நீர்தான் அடையாற்றின் தொடக்கம். அது முடிச்சூர், வரதராஜபுரம் ஓரமாக வந்து திருநீர்மலை பக்கம் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகேதான். ஆகவே 2015ல் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் பற்றிப் பேசலாம். ஆனால் முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்த வெள்ளம் அதன் சொந்த ஏரிகளின் வெள்ளம். அந்த ஆண்டு நவம்பர் நடுவிலேயே ஒரு முறை அங்கே தண்ணீர் புகுந்து, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து மக்களை மீட்டன. டிசம்பரில் வந்தது இரண்டாவது அடி.

கிழக்குப் பக்கம் வேறு கதை. மடிப்பாக்கம், வேளச்சேரி, பெருங்குடி பகுதிகளின் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலில் கலக்க வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க தண்ணீர் வீடுகளில் தங்குகிறது. 2022ல் பள்ளிக்கரணை ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஏற்கனவே இழந்த பரப்பு அதனால் திரும்பி வந்துவிடாது.

2015ன் கணக்கு

2015 வெள்ளத்தின் மொத்தப் பொருளாதார இழப்பைச் சுமார் 220 கோடி டாலர் என்றும், அதில் காப்பீடு செய்யப்பட்டிருந்த இழப்பைச் சுமார் 75 கோடி டாலர் என்றும் ஸ்விஸ் ரீ நிறுவனம் மதிப்பிட்டது. மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தியாவைப் பொறுத்தவரை நல்ல விகிதம்தான். ஆனால் சராசரிக் கணக்கு ஆளை ஏமாற்றும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் உரியது. வாகனங்களுக்கான கோரிக்கைகளும் ஏராளமாகக் குவிந்தன. கோரிக்கைகளை விரைந்து முடிக்கும்படியும் அதற்கெனத் தனி அதிகாரிகளை நியமிக்கும்படியும் ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

வீடுகளுக்கு? குடிசை இழந்த குடும்பங்களுக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் என்று தமிழக அரசு நிவாரணம் கொடுத்தது. அந்தத் தொகை அன்றைய அவசரத்துக்கு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் எல்லோருக்கும் ஒரே அளவு. உங்கள் வீட்டில் எவ்வளவு போனது என்று அது கேட்பதில்லை. இழப்பீடு என்பது போனதை அளந்து, அதைத் திரும்பக் கட்டும் செலவைக் கொடுப்பது.

வாகனத்துக்கு மட்டும் ஏன் பாலிசி இருந்தது? சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது என்ற விதி 1939ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்தே வருகிறது. அதைக் கட்டும்போதே சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. கேட்பது கடன் கொடுத்த வங்கி மட்டும். அந்த வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாத வீடுகளும் உண்டு.

பாதி பணம் ஏன் வந்தது?

பாலிசி வைத்திருந்தவர்களையும் வாட்டிய விதி ஒன்று இருந்தது. அதை 'ஆவரேஜ்' விதி என்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும். உரிமையாளர் பிரீமியத்தை மிச்சப்படுத்த 20 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுக்கிறார். வெள்ளத்தில் 4 லட்சம் சேதம். 20 லட்சத்துக்கு பாலிசி இருக்கிறதே, 4 லட்சமும் வந்துவிடும் என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் கிடைப்பது 2 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தீர்கள், ஆகவே மீதிப் பாதியை நீங்களே ஏற்க வேண்டும் என்பது விதி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முடிச்சூரில் ஒரு வீட்டை 80 லட்சத்துக்கு வாங்கினால் 80 லட்சத்துக்கும் பாலிசி எடுக்க வேண்டும் என்று நினைப்பது. அதில் பாதி மனையின் விலையாக இருக்கும். மண் வெள்ளத்தில் போவதில்லை. காப்பீடு கட்டடத்துக்கு மட்டும்தான், அதாவது அதைத் திரும்பக் கட்டும் செலவுக்குத்தான்.

காற்றா, தண்ணீரா?

இந்தியப் பாலிசியின் ஒரு நல்ல அம்சத்தை அமெரிக்காவோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். அங்கே சாதாரண வீட்டு பாலிசி புயல்காற்றின் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. வெள்ளத்துக்கு 1968ல் அரசு தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். 2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி வந்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, இடிந்த வீடு காற்றால் இடிந்ததா தண்ணீரால் இடிந்ததா என்று ஆயிரக்கணக்கானோர் நிறுவனங்களுடன் போராட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1961ல் நிறுவனங்களே ஒரு உடன்பாட்டுக்கு வந்து வீட்டு பாலிசியில் வெள்ளத்தையும் சேர்த்தன. அந்த ஏற்பாடு தாங்காமல் போகவே, 2016ல் அபாயப் பகுதி வீடுகளுக்காக 'ஃப்ளட் ரீ' என்ற பொது நிதி ஏற்பாடு தொடங்கியது. நம் நாட்டில் புயலும் வெள்ளமும் ஒரே வரிசையில் இருப்பதால் காற்றா தண்ணீரா என்ற சண்டைக்கு இடமில்லை.

ஆனால் வேறு சண்டைக்கு இடமுண்டு. மழைநீர் தேங்கியது 'வெள்ளம்' ஆகுமா? ஆறு கரை உடைத்தால்தான் வெள்ளமா? ஜே.கே. சிமென்ட் நிறுவனத்தின் வழக்கில் இதுதான் கேள்வி. கனமழையில் அடித்துச் செல்லப்பட்ட நிலக்கரிக்கு இழப்பீடு மறுக்கப்பட்டிருந்தது. 2020ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாதாரணமாக உலர்ந்திருக்கும் நிலத்தைத் தண்ணீர் சூழ்வதே அந்தச் சொற்களின் பொருள் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. எந்த ஆறும் ஓடாத மடிப்பாக்கம் தெருவுக்கும் இது பொருந்தும் அல்லவா!

2016 டிசம்பர் 12ல் வந்த வர்தா புயல் இன்னொரு பாடம். அது தண்ணீரை விடக் காற்றால் அதிகம் அடித்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வீடுகளில் ஜன்னல் கண்ணாடி, தகரக் கூரை, மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் போயின. இவையெல்லாம் புயல் சேதம். ஆனால் பத்து வருடமாக ஒழுகும் மொட்டை மாடியில் அந்த மழையிலும் ஒழுகினால் அது புயல் சேதம் ஆகாது. அது பராமரிப்புக் குறை. பழமையும் தேய்மானமும் எந்த பாலிசியிலும் கிடையாது. சர்வேயர் வந்து பார்ப்பது இதைத்தான். அதனால்தான் சேறு கழுவும் முன்பே தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுத்து வைப்பதும், கெட்டுப்போன சாமானை சர்வேயர் பார்க்கும்வரை தூக்கி எறியாமல் இருப்பதும் முக்கியம்.

2021: பெயர் மாறியது

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. வீட்டு பாலிசியின் அட்டையிலிருந்து 'ஃபயர்' போய் 'கிருஹம்' வந்தது. உள்ளே மாறியவை:

புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடிப்படையிலேயே அடக்கம்.

ஆவரேஜ் விதி கிடையாது. மேலே சொன்ன கணக்கில் இப்போது 4 லட்சமும் கிடைக்கும்.

கட்டடத்துக்கு பாலிசி எடுத்தாலே வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். நகை போன்ற விலையுயர்ந்த பொருட்களுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சுற்றுச்சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை ஆகியவையும் கட்டடத்தின் பகுதிகள்.

வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று இடத்துக்கான வாடகையும் உண்டு.

10 ஆண்டுகள் வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம்.

வாடகைக்குக் குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். தாம்பரம் போன்ற ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. வெள்ளத்தில் வீட்டுக்காரருக்குச் சுவர் மிஞ்சும், தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும், அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

மேம்பாலத்தின் மேலும் கீழும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி, முடிச்சூர் என்று அதே பெயர்கள் மீண்டும் செய்தியில் வந்தன. அரசு நிவாரணம் இந்த முறை 6,000 ரூபாய். எட்டு ஆண்டுகளில் மக்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக வந்து நின்று விடுகின்றன. அனுபவம் தந்த நல்ல யோசனைதான்.

ஆனால் அதை ஒரு கணக்குப் பிள்ளையின் கண்ணோடு பார்த்தால் விசித்திரமாக இருக்கும். மேம்பாலத்தின் மேல் பத்திரமாக நிற்பது பாலிசி உள்ள கார். கீழே தண்ணீருக்குக் காத்திருப்பது பாலிசி இல்லாத வீடு. காரை நகர்த்தலாம், வீட்டை நகர்த்த முடியாது. நகர்த்த முடியாத பொருளுக்குத்தானே காப்பீடு முதலில் தோன்றியது? 1666ல் லண்டன்காரர்கள் வீடு எரிந்த பிறகு அதைக் கற்றார்கள். தென்சென்னை 2015லும் 2023லும் இரண்டு முறை நனைந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வரும். மழை எச்சரிக்கை வந்த பிறகு மேம்பாலத்தில் இடம் பிடிக்கலாம், பாலிசியை அப்படிக் கடைசி நேரத்தில் பிடிக்க முடியாது. அதைக் கோடையிலேயே எடுத்து, ஒரு முறையாவது முழுவதும் படித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.